துண்டு போட்ட இடம்

சாப்பாட்டு மேசையில் மனைவி புஷ்பவல்லி எப்போதும் உட்காரும் நாற்காலியின் மெத்தை அமுங்கிக் கிடந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல. ஆள் எழுந்த இடம் சூடாக இருக்கும். பாதி ஆயுளை டவுன் பஸ்ஸில் கழித்த கிட்டுசாமிக்கு அது தெரியாததல்ல. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது ரேகைகளில் ஈரம்.

மருமகள்மேல்தான் முதலில் சந்தேகம் போயிற்று. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் வான்மதி எதையாவது கொட்டியிருப்பாள். கொட்டியதைச் சொல்லவா போகிறாள்? இந்த வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. மகன் செழியன் விடியுமுன் காரை எடுத்தால் இருட்டிய பிறகு வருகிறான், கேட்டால் ஃப்ரீவேயில் டிராஃபிக் என்கிறான். ஃப்ரீமாண்ட் என்று பேர் வைத்த இந்த அமெரிக்க ஊரில் வீட்டுச் சுவரே பொய்; தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் கேட்கிறது. மழைகூட இங்கே சத்தமில்லாமல் பெய்து, திருடன்போலக் கண்ணாடியில் வழிந்து இறங்கியது.

குனிந்து மெத்தையை முகர்ந்தார். காபி இல்லை, குழம்பும் இல்லை. மழையில் நனைந்து நெடுநேரம் காயாத கம்பளிக் கோட்டின் வாடை. அதற்கு அடியில் மூட்டு வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியின் காரமான கற்பூர நெடி.

நிமிர்ந்துகொண்டார். அந்த நெடி எந்த ஊருடையது என்று மூக்கு சொல்லிவிட்டது. மனசு அதைக் காதில் வாங்கவில்லை.

புஷ்பவல்லி இட்லித் தட்டுகளோடு வந்தாள். அவருக்கு ஒன்றை வைத்தாள். தன் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.

“ஒக்காரு புள்ள. கல்யாணப் பந்தியா நடக்குது, நின்னுட்டுத் திங்கறதுக்கு?”

“இருக்கட்டுங்க. நின்னுக்கறனுங்க.”

“ஏன், சேர்ல முள்ளு கிடக்குதா?”

அவள் நாற்காலியைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள், வேற்று ஆளைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பதுபோல.

“எடம் இல்லீங்களே,” என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. பயந்தும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறிக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள். கிட்டுசாமி இட்லியைப் பிட்டார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் டீவி முன்னால் சோபாவிலும் அவள் உட்காரவில்லை. சோபாவில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். மறுநாள் பூஜை அறையில் தரையில் உட்காரப் போனவள், பாதி மடக்கிய முழங்காலோடு நின்று, “அட, மன்னிச்சுக்குங்க” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டாள். அந்த வாரத்துக்குள் கட்டிலும் போயிற்று. படுக்கச் சொன்னால் சுவரில் சாய்ந்து நின்று கண்ணை மூடினாள். வலது கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது, எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல. உடம்பு மெல்ல இப்படியும் அப்படியும் ஆடியது. ஹீட்டரின் உறுமலுக்கு அடியில், வீட்டுக் கூரையில் எங்கோ, நின்று போகிறவர்கள் பிடித்துக்கொள்ள வரிசையாகத் தொங்கும் வளையங்கள் ஒன்றாக ஆடித் திரும்பும் சத்தம் கேட்டது. கிரீச். கொஞ்சம் இடைவெளி. கிரீச்.

காலையில் அவள் பாதம் பூரிபோல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

“அப்பா, இது ஆர்த்ரைடிஸ்தான். ஸ்ட்ரெஸ்ல இந்த மாதிரி பேசறாங்க,” என்றான் செழியன். “டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். நீங்க வேற பயமுறுத்தாதீங்க.”

“நான் என்னடா பயமுறுத்தறேன்?”

“நீங்க மூஞ்சிய வெச்சிருக்கறதே போதும் மாமா,” என்றாள் வான்மதி, அத்தையின் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி. “அத்தை, இப்படி இந்த ஸ்டூல்லயாவது உக்காருங்களேன். எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு.”

“அவங்க எந்திரிச்சா ஒக்காரறேன் கண்ணு.”

வான்மதியின் கை வெந்நீரிலேயே நின்றது.

டாக்டரிடம் போகக் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான் செழியன். புஷ்பவல்லி கதவுவரை நடந்து வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“யாரு மடில போய் ஒக்காரறது சாமி?” என்று மகனைக் கேட்டாள்.

“அம்மா, ப்ளீஸ்மா. லேட் ஆச்சு.” தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தான். அவள் ஒரு சத்தம் போட்டாள். அது கிட்டுசாமி தன் மனைவியிடம் ஒருநாளும் கேட்டறியாத சத்தம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கதவைத் திறந்து பார்த்தான். செழியன் பதறி அவளை வெளியே இழுத்தபோது சேலையின் பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. காரின் சீட் காய்ந்திருந்தது.

செழியன் சேலையைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். அப்பாயின்ட்மென்டை மாற்றப் போனைத் தேடிப் போனான்.

கிட்டுசாமி மட்டும் வாசலிலேயே நின்றார். மூக்கு சொன்னதை இனிமேல் கேட்காமல் தீராது.

முந்தின வருஷம் செழியனைக் கம்பெனி ஜப்பானில் கோபே நகரத்துக்கு அனுப்பியிருந்தது. அப்பாவையும் அம்மாவையும் வரவழைத்துக் கொஞ்ச நாள் வைத்திருந்தான். கடைவீதி, துறைமுகம், ஆபீஸ் எல்லாம் மலைக்கு இந்தப் பக்கம். வீடு மலைக்கு அந்தப் பக்கம், புதிதாக எழுப்பிய டவுனில். இரண்டையும் சேர்த்துப் பூமிக்கடியில் ஓடியது சுரங்க ரயில். மலையைக் குடைந்துகொண்டு போகிறவரை ஜன்னலுக்கு வெளியே கறுப்பு. அந்தப் பக்கம் வெளிவந்ததும் அடுக்குமாடி விளக்குகள். ஒருநாள் ஆபீஸ் விடுகிற நேரத்தில், அடைமழையில், மூன்று பேரும் வீடு திரும்பினார்கள். கதவு திறந்ததும் கிட்டுசாமி முதல் ஆளாகப் பாய்ந்தார். அவிநாசி பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடித்துப் பழகிய கை. நீள பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் புஷ்பவல்லிக்காகத் துண்டைப் போட்டார். அதற்குள் கூட்டம் அடைத்துக்கொண்டது. மகனும் மனைவியும் வேறு கதவில் ஏறித் தொலைவில் மாட்டிக்கொண்டார்கள்.

துண்டை அந்த ஊர்க்காரர்கள் தொடவில்லை. எடு என்றும் சொல்லவில்லை. பார்த்தார்கள். பிறகு பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார்கள்.

நேர் எதிரே ஒரு வயதான பெண் நின்றாள். சின்ன உருவம். நனைந்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு, பிளாஸ்திரி நெடி. துண்டைக் காட்டிக் குனிந்து ஏதோ கேட்டாள். பாஷை புரியவில்லை; கேட்டது புரிந்தது. கிட்டுசாமி தலையை ஆட்டினார். உள்ளங்கையைத் துண்டின்மேல் வைத்தார். “ஆள் வருது” என்று தமிழிலேயே சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாய்ந்தது. நடிக்கிறாள் என்று நினைத்தார். இடத்துக்காக நெஞ்சைப் பிடிக்கிறவர்கள், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கர்ப்பம் என்கிறவர்கள், எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. முகத்தைத் திருப்பி மேலே இருந்த விளம்பரப் படத்தைப் பார்த்தார்.

அவள் விழவில்லை. கூட்டம் விழவிடவில்லை. நாலு பக்கமும் தோள்கள் முட்டுக்கொடுத்திருந்தன. மலைக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இறங்க இறங்க, முட்டுக்கொடுத்த தோள்கள் ஒவ்வொன்றாக விலக, மெல்லச் சரிந்து அவர் காலடியில் விழுந்தாள். உயிர் எப்போதோ போயிருந்தது. செத்துப்போய் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கண் திறந்திருந்தது. அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. காலியாகிவிட்ட பெட்டியின் கடைசியிலிருந்து மகனோடு நடந்து வந்துகொண்டிருந்த புஷ்பவல்லியைப் பார்த்தது. அந்த இடம் யாருக்காகப் பிடித்து வைக்கப்பட்டதோ அவளை.

கிட்டுசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இடம் போட்டவனுக்குத்தானே இடம். இன்றைக்கும் அவர் நியாயம் அதுதான். ஆனால் கிழவி அவரிடம் நியாயம் பேச வரவில்லை. அவரைத் தொடக்கூட இல்லை.

பூங்காவில் தினமும் நடக்க வருகிற பாலசுப்ரமணியனிடம்தான் வாயைத் திறந்தார். மெட்ராஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற மனுஷர், மகள் வீட்டில் இருக்கிறார். கிட்டுசாமி அவரையும் நம்பியதில்லை. வேறு ஆள் இல்லை. ஒரு கிழவி ரயிலில் செத்தாள், அது எங்களோடு வந்து என் வீட்டுக்காரியை எங்கேயும் உட்காரவிடுவதில்லை என்றுமட்டும் சொன்னார். துண்டைச் சொல்லவில்லை.

பாலசுப்ரமணியன் சிரிக்கவில்லை. “இங்க சிவன் கோயில்ல அர்ச்சனை பண்ணினா நடக்காது ஓய். கேஸ் எந்த ஊர்ல நடந்ததோ அந்த ஊர் கோர்ட்லதான் போடணும். சான்ஃபிரான்சிஸ்கோல ஜப்பான்காராளுக்குன்னு ஒரு பேட்டையே இருக்கு. கோயிலும் இருக்கு. அவா சாமியார்கிட்ட அழைச்சிண்டு போங்கோ.”

“காருல ஏறமாட்டேங்குறாளே.”

“பார்ட் ரயில்ல போங்கோ. நேரா டவுனுக்குப் போயிடும். ரயில்ல நிக்கலாமோல்லியோ?”

ரயில். முடியாது என்று கிட்டுசாமி தலையை ஆட்டினார். ஆனால் அன்று ராத்திரி புஷ்பவல்லியின் கணுக்காலில் தோல் வெடித்து நீர் கசிந்தது. இன்னும் எத்தனை நாள் நிற்பாள்? குதிரையா அவள்? “உன்னை ஒக்கார வெக்காம விடமாட்டேன்” என்று சொன்னார். அவள் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.

மகனிடம் சொன்னால் தடுப்பான். அடுத்த நாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனார். பஸ்ஸில் நின்றாள். ஸ்டேஷன் எஸ்கலேட்டரில் நின்றாள். நடுப்பகல். பளிச்சென்று வெயில். ஃப்ரீமாண்ட்தான் கடைசி ஸ்டேஷன், ரயில் காலியாக நின்றிருந்தது. நீல மெத்தை சீட்டுகள், தரையில் விரிப்பு. பெட்டியின் மறுகோடியில் தொப்பி போட்ட ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். கிட்டுசாமிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இது அந்த ரயில் இல்லை. பெஞ்சு இல்லை, கூட்டம் இல்லை, மழை இல்லை.

அவளுக்குத் துணையாக அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூனியன் சிட்டி, ஹேவர்ட், ஊர்கள் ஒவ்வொன்றாக வெயிலில் பின்னால் போயின. கொல்லைப்புறங்கள், காய்கிற துணிகள், பழைய கார்கள் அடுக்கிய மைதானங்கள்.

“ஊரு மாதிரியே இருக்குதுங்க,” என்றாள் புஷ்பவல்லி. நாள் கணக்கில் பேசாதவள். “அந்தப் பூசாரி ஒக்காரச் சொன்னா ஒக்காந்துருவனுங்களா?”

“ஒக்காருவ. நானாச்சு.”

“காலு ரொம்ப வலிக்குதுங்க.”

“தெரியும் புள்ள. இன்னும் கொஞ்சந்தான்.”

ஓக்லாண்ட் வந்தது. ரயில் பூமிக்குள் இறங்கியது. ஜன்னல்கள் கறுத்தன. கம்பியைப் பிடித்திருந்த அவர் கைமேல் ஒரு சொட்டு விழுந்தது. மேலே பார்த்தார். காய்ந்த கூரை. இன்னொரு சொட்டு. நனைந்த கம்பளியின் வாடை பெட்டி முழுக்க எழுந்தது, ஒரு கோட்டிலிருந்து வருகிற வாடை இல்லை அது, நூறு கோட்டுகள், நூறு குடைகள், கதவைச் சாத்திய பெட்டிக்குள் சேர்ந்து புழுங்குகிற வாடை.

ரயில் மறுபடி மேலே வந்து வெளிச்சத்தில் ஒரு ஸ்டேஷனில் நின்றது. கதவு திறந்தது. இறங்கிவிடலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தார். அசைக்க முடியவில்லை. கூட்டத்துக்குள் மாட்டிய ஆளை இழுக்கிற மாதிரி இருந்தது.

“வழி விட்டாத்தானுங்க எறங்க முடியும்,” என்றாள்.

கதவு மூடியது. இனி கடலுக்கு அடியில் போகும் குழாய். காது அடைத்தது. ரயில் ஊளையிட்டுக்கொண்டு வேகமெடுத்தது. ஒரு குலுக்கல். கிட்டுசாமி பின்னால் தள்ளப்பட்டு சீட்டில் விழுந்தார். ஜன்னலோர சீட்டு. பக்கத்து இடம் காலி.

எழப் பார்த்தார். மடியில் பாரம்.

ஈரமான பாரம். சின்ன உருவம்தான். ஆனால் மலை.

தொடை நனைந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நெடி மட்டும் முகத்துக்கு நேரே, மூச்சு விடுகிற தூரத்தில்.

புஷ்பவல்லி அவர் எதிரே நின்றாள். வலது கை தலைக்கு மேலே. இடது கை நெஞ்சோடு மடங்கியது, அவளாக மடக்கவில்லை, பக்கத்திலிருந்து யாரோ நெருக்கியதுபோல. சேலை மடிப்புகள் அமுங்கின. தோள்கள் ஒடுங்கின.

“எத்தனை கூட்டமுங்க,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

“ஏம்மா,” என்றார் கிட்டுசாமி மடியைப் பார்த்து. “தாயி. அவ ஒண்ணும் பண்ணலியே. துண்டு போட்டது நானு. என்னை நிக்க வையி. சாவுற வரைக்கும் நிக்கறேன்.”

பாரம் அசையவில்லை. அவரை நிற்க வைக்க அது வரவில்லை. உட்கார்ந்து பார்க்க வைக்க வந்திருந்தது.

“ஏய்!” என்று மறுகோடியில் இருந்தவனைப் பார்த்துக் கத்தினார். “ஹெல்ப்பு! ஏய்!” அவன் விழித்தான். பார்த்தான். தொப்பியை இறக்கிவிட்டுப் பார்வையைக் கீழே போட்டுக்கொண்டான்.

புஷ்பவல்லியின் உதட்டோரம் நீலமாயிற்று. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் கண் ஒரு இடத்தைக் கண்டுபிடித்தது. அவர் பக்கத்து சீட்டு.

“ஏனுங்க. அது காலியாத்தான் இருக்குது. நான் அங்க ஒக்காந்துக்கட்டுங்களா?”

ஒக்காரு சாமி, ஒக்காரு. நெஞ்சு முழுக்க அந்தச் சொல்தான். வாய் திறந்தது.

அதற்குமுன் கை நகர்ந்தது. அவர் கைதான். அவர் நகர்த்தவில்லை. நகர்ந்து போய்ப் பக்கத்து இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தது. தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

“ஆள் வருது,” என்றார்.

தன் குரலைக் கேட்டார். அலட்சியமான குரல். அவளுக்கும் கேட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்த முகத்தில், ஒருநாளும் பார்க்காத ஒன்று வந்தது. அவள் அவரிடம் குனிந்தாள், வேற்று ஆளுக்குக் குனிவதுபோல. பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தார். கழுத்து திரும்பவில்லை. இமை மூடவில்லை.

கிரீச்.

கிரீச்.

ஊளை நின்றது. காது திறந்தது. ரயில் குழாயைவிட்டு வெளியேறி டவுன் ஸ்டேஷனில் நின்றது. வெளிச்சம். டை கட்டியவர்கள், பேப்பர் கப்பில் காபி, செல்போன் பேச்சு. ஏறினார்கள். நடுவழியில் நின்ற சேலைக்காரியைச் சுற்றிக்கொண்டு போய் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர் பக்கத்தில் மட்டும் யாரும் வரவில்லை.

கதவு மூடியது. ரயில் கிளம்பியது. புஷ்பவல்லியின் உயர்த்திய கை எந்த வளையத்தையும் பிடிக்காமல் விரல் விரித்துத் தொங்கியது. கண்ணில் ஒளி இல்லை. மார்பு அசையவில்லை. கால் இரண்டும் துவண்டு, கட்டைவிரல் நுனிகள் விரிப்பை உரசிக்கொண்டிருந்தன. அவள் விழவில்லை. அவளைச் சுற்றி ஒரு முழத்துக்கு யாரும் இல்லை. வளைவில் ரயில் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள், நிமிர்ந்தபோது நிமிர்ந்தாள். இடது கன்னம் மட்டும், இல்லாத ஒருவருடைய தோளில் அழுந்தி, தட்டையாக நசுங்கியிருந்தது.